முற்றுப்பெறாத ஆட்டமும் ஆட்டக்காரர் பின்னூட்டமும்: கேம் ஜாம் வரலாற்றில் ஒரு சான்றியல் நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

குறுகிய காலக்கெடுவுக்குள் கணினி விளையாட்டு ஒன்றை உருவாக்கிப் பொதுவில் வைக்கும் கூட்டு நிகழ்வு கேம் ஜாம் எனப்படும். 2002ஆம் ஆண்டு தொடங்கிய இவ்வழக்கம், முற்றுப்பெறாத ஆட்டங்களைப் பிறர் விளையாடிக் கருத்துரைக்கும் மரபொன்றை உருவாக்கியது. பெருநோக்குடன் தொடங்கிக் கெடுவுக்குள் முடியாமல் நின்ற ஆக்கங்களுக்குக் கிடைத்த பின்னூட்டம் எவ்வகைப்பட்டது, மதிப்பெண் முறை அவ்வாக்கங்களை எவ்வாறு நடத்தியது, உருவாக்குநர் அப்பின்னூட்டத்தை எவ்வாறு பயன்கொண்டனர் ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. டவர் ஆஃப் கூ, சூப்பர்ஹாட், ஹங்ரி நைட் ஆகிய மூன்று ஆக்கங்கள் நேர்வுகளாகக் கொள்ளப்படுகின்றன. இயங்குதளங்கள் மறைந்து ஆட்டங்கள் திறக்க இயலாத நிலையை அடையும்போது, ஆட்டக்காரரின் எழுத்துப் பின்னூட்டமே அவற்றுக்கான முதன்மைச் சான்றாக எஞ்சுகிறது என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: கேம் ஜாம், பின்னூட்டம், முன்வடிவம், லூடம் டேர், மதிப்பெண் முறை, எண்மச் சான்றுகள்

முன்னுரை

கணினி விளையாட்டின் வரலாறு பெரும்பாலும் வெளிவந்த ஆட்டங்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. விற்பனைக்கு வந்தது எது, எத்தனை படிகள் விற்றன, எவ்விருதைப் பெற்றது என்பனவே அவ்வரலாற்றின் அளவுகோல்கள். உருவாகும் வழியிலேயே கைவிடப்பட்ட ஆட்டம், அதனை உருவாக்கிய நிறுவனத்தின் கோப்புகளோடு மறைந்துவிடுவதே வழக்கம். அதனை வெளியார் எவரும் விளையாடவில்லையாதலால், அதுகுறித்துப் பேசியவரும் இலர்.

கேம் ஜாம் இந்நிலையை மாற்றியது. கெடு முடிந்த நொடியில் ஆட்டம் எந்நிலையில் உள்ளதோ அந்நிலையிலேயே பிறர் முன் வைக்கப்பட வேண்டும் என்பது இதன் அடிப்படை விதி. எனவே முடிந்த ஆட்டங்களோடு முடியாத ஆட்டங்களும் பொதுவெளிக்கு வந்தன. அவற்றை விளையாடியவர்கள் தாம் கண்டதையும் காணாததையும் எழுதி வைத்தனர். முற்றுப்பெறாத ஆக்கத்தைப் பற்றிய வாசக எதிர்வினை இத்துணைப் பெருமளவில் பதிவாகியிருப்பது கலை வரலாற்றில் அரிதான நிலையாகும். ஆயினும் அப்பதிவுகள் வரலாற்றுச் சான்றுகளாக இன்னும் உரிய கவனத்தைப் பெறவில்லை. வெற்றிபெற்ற ஆட்டங்களின் தோற்றக் கதைகளுக்குத் துணைச்செய்தியாகவே அவை எடுத்தாளப்படுகின்றன. அப்பதிவுகளின் தன்மையையும் வரம்பையும் வரையறுப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கேம் ஜாம் வடிவத்தின் தோற்றம்

‘ஜாம்’ என்னும் சொல் இசைத்துறையிலிருந்து பெறப்பட்டது. இசைக்கலைஞர்கள் முன்னேற்பாடின்றிக் கூடி வாசிக்கும் நிகழ்வை அது குறிக்கும். 2002 மார்ச் மாதத்தில் கிறிஸ் ஹெக்கர், ஷான் பேரட் ஆகிய நிரலாளர்கள் கலிபோர்னியாவின் ஓக்லண்டில் ஆட்ட உருவாக்குநர் சிலரை அழைத்து நடத்திய ‘இண்டி கேம் ஜாம்’ இவ்வகையின் முதல் நிகழ்வாகக் கருதப்படுகிறது. திரையில் ஒரே நேரத்தில் மிகப் பெரும் எண்ணிக்கையிலான உருவங்களை இயக்கவல்ல மென்பொறி ஒன்று அதற்கென உருவாக்கப்பட்டிருந்தது. அம்மென்பொறியைக் கொண்டு புதுவகை ஆட்டங்களைச் சில நாள்களில் ஆக்கிப் பார்ப்பதே நோக்கம். ஆக்கப்பட்டவை அவ்வாண்டு ஆட்ட உருவாக்குநர் மாநாட்டில், சோதனை ஆட்டங்களுக்கான அமர்வில் காட்டப்பட்டன. அவற்றைக் கண்டவர்களும் கருத்துரைத்தவர்களும் துறைசார் வல்லுநர்களே.

அடுத்த மாதமே, 2002 ஏப்ரலில், ஜெஃப் ஹவ்லண்ட் ‘லூடம் டேர்’ என்னும் நிகழ்வைத் தொடங்கினார். முதல் நிகழ்வு 24 மணி நேரம் நடைபெற்றது. பின்னர் 48 மணி நேரம் என்பது நிலைபெற்றது. இதில் கலந்துகொள்ள அழைப்புத் தேவையில்லை. இணைய இணைப்பு இருந்தால் எந்நாட்டினரும் பங்கேற்கலாம். ஒருவர் ஆக்கிய ஆட்டத்தைச் சக பங்கேற்பாளர்கள் விளையாடி மதிப்பிடுவது இதன் உறுப்பாக அமைந்தது. இங்குக் கருத்துரைப்பவர் வல்லுநராக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. அதே கெடுவுக்குள் தாமும் ஓர் ஆட்டத்தை ஆக்கியவர் என்பதே அவருக்குரிய தகுதி.

2006இல் நோர்டிக் கேம் ஜாம் தொடங்கியது. அதனை முன்மாதிரியாகக் கொண்ட ‘குளோபல் கேம் ஜாம்’ 2009 சனவரி 30 முதல் பிப்ரவரி 1 வரை முதன்முறையாக 23 நாடுகளில் 53 இடங்களில் ஒரே வார இறுதியில் நடத்தப்பட்டது. இது தன்னைப் போட்டியாக அறிவித்துக்கொள்ளவில்லை. பங்கேற்பாளர்கள் ஓரிடத்தில் கூடி உழைத்து, ஞாயிறு மாலையில் அவையோர் முன் தம் ஆட்டங்களை விளக்குவர்.

இம்மூன்று வடிவங்களிலும் பின்னூட்டம் நிகழும் முறை வேறுபடுகிறது. இண்டி கேம் ஜாமில் அது வல்லுநர் அவையின் எதிர்வினை. குளோபல் கேம் ஜாமில் நேர்முகப் பேச்சு. லூடம் டேரில் எழுத்து. முன்னிரண்டிலும் எழுந்த கருத்துகள் பெரும்பாலும் காற்றோடு கலந்தன. மூன்றாவதே ஆவணத்தை விட்டுச்சென்றது. எனவே முற்றுப்பெறாத ஆட்டங்களைப் பற்றிய எழுத்துச் சான்றைத் தேடுவோர் லூடம் டேரையும் அதனை ஒத்த இணையவழி நிகழ்வுகளையுமே முதன்மையாக நாட வேண்டியுள்ளது.

2. சுருங்கிய முழுமையும் விரிந்த முற்றுப்பெறாமையும்

48 மணி நேரத்தில் உறக்கமும் உணவும் போக எஞ்சுவது ஏறத்தாழ 30 மணி நேர உழைப்பு. அதற்குள் ஆட்ட விதி, நிரல், ஓவியம், ஒலி, நிலைகளின் அமைப்பு ஆகிய அனைத்தும் அமைய வேண்டும். இவ்வரம்பை எதிர்கொள்ள உருவாக்குநர் இருவகை வழிகளைப் பின்பற்றினர்.

முதல் வழி, ஒற்றைக் கருத்தை எடுத்துக்கொண்டு அதனை முடித்துக் காட்டுவது. 2015இல் மேடி தோர்சன், நோயல் பெர்ரி இருவரும் பிகோ-8 என்னும் சிறு ஆட்டத் தளத்தில் நான்கு நாள்களில் ஆக்கிய ‘செலஸ்ட்’ 30 சிறு நிலைகளுடன் தன்னளவில் நிறைவுற்றிருந்தது. 2017 நோர்டிக் கேம் ஜாமில் ஆர்வி டெய்காரி ஆக்கி வெற்றிபெற்ற ‘பாபா இஸ் யூ’ ஆட்டத்தில், விதிகளை உரைக்கும் சொற்களையே நகர்த்தி விதிகளை மாற்றலாம் என்னும் கருத்து முதல் வடிவத்திலேயே தெளிவாகச் செயற்பட்டது. இவற்றைச் சுருங்கிய முழுமை எனலாம். இவற்றுக்குக் கிடைத்த பின்னூட்டம் உள்ளதை உறுதிசெய்யும் தன்மையது. இரண்டும் பின்னர் முழு ஆட்டங்களாக விரிந்து, முறையே 2018இலும் 2019இலும் வெளிவந்தன.

இரண்டாம் வழி, பெரிய உலகொன்றைக் கற்பனைசெய்து அதன் ஒரு பகுதியை மட்டும் கட்டி முடிப்பது. கதைத் தொடக்கம் நெடும்பயணத்தை உறுதியளிக்கும். ஆட்டமோ இரண்டாம் அறையோடு நின்றுவிடும். பட்டியலில் பத்துக் கருவிகளுக்கு இடமிருக்கும், கிடைப்பது ஒன்றே. பூட்டிய கதவு ஒன்று இருக்கும்; அதற்குரிய சாவி நிரலில் எழுதப்பட்டே இராது. இதனை விரிந்த முற்றுப்பெறாமை எனலாம்.

இவ்விரண்டாம் வகையை விளையாடுபவர் எதிர்கொள்ளும் சிக்கல் தனித்தன்மை வாய்ந்தது. பூட்டிய கதவின்முன் நிற்கும்போது, அது தாம் விடுவிக்க வேண்டிய புதிரா, உருவாக்குநர் எட்டாத எல்லையா என்பதை ஆட்டத்தைக் கொண்டே அவரால் பிரித்தறிய முடிவதில்லை. முழுமைபெற்ற ஆட்டத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் காரணம் உண்டு என்னும் நம்பிக்கையோடு ஆட்டக்காரர் தேடுகிறார். முற்றுப்பெறாத ஆட்டத்தில் அந்நம்பிக்கையே அவருடைய நேரத்தை வீணாக்கிவிடக்கூடும். எனவே இவ்வகை ஆக்கங்களுக்கான பின்னூட்டம் எது வேண்டுமென்றே செய்யப்பட்டது, எது செய்யப்படாமல் விடப்பட்டது என்னும் வினாவைச் சுற்றியே அமைகிறது.

3. மதிப்பெண்ணும் எழுத்தும்

லூடம் டேரின் மதிப்பீட்டு முறை ஆட்டங்களைப் பல கூறுகளாகப் பகுத்தது. புதுமை, மகிழ்வு, கருப்பொருள், காட்சி, ஒலி, நகைச்சுவை, உணர்வுச்சூழல், மொத்தம் என்னும் தலைப்புகளின்கீழ் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடுவர். மதிப்பெண்ணோடு கருத்தும் எழுதலாம். ஆட்டம் சமர்ப்பித்தவர்களே மதிப்பெண் இடத் தகுதியுடையோர். மதிப்பீட்டுக்குரிய காலம் ஏறத்தாழ மூன்று வாரங்கள். அதாவது, ஆக்குவதற்கு இரண்டு நாள், விளையாடிக் கருத்துரைக்க அதைப்போல் பத்து மடங்கு காலம் என இந்நிகழ்வு வகுக்கப்பட்டிருந்தது. ஆக்கத்துக்கு நிகரான இடம் பின்னூட்டத்துக்கும் அளிக்கப்பட்டதை இக்கால ஒதுக்கீட்டால் அறியலாம்.

கெடுவுக்குப் பிந்தைய திருத்தத்துக்கும் விதி இருந்தது. ஆட்டம் இயங்காமல் தடுக்கும் பிழையைத் திருத்தலாம்; வேறு இயங்குதளங்களுக்கு மாற்றலாம்; புதிய உறுப்புகளைச் சேர்த்து அதனையே மதிப்பீட்டுக்கு வைத்தல் ஆகாது. மேம்படுத்திய வடிவம் இருப்பின் அது தனியே தரப்பட வேண்டும். இவ்விதியால், மதிப்பிடப்படுவது கெடு முடிந்தபோது நின்ற நிலையே என்பது காக்கப்பட்டது.

விரிந்த முற்றுப்பெறாமையை இம்மதிப்பெண் முறை எவ்வாறு நடத்தியது என்பது சிந்திக்கத்தக்கது. கருத்தளவில் அரிய ஆட்டம் ஒன்று இரண்டாம் அறையில் செயலிழந்து நின்றால், ‘புதுமை’ என்னும் தலைப்பில் அது ஐந்து பெறக்கூடும். ‘மகிழ்வு’ என்பதில் இரண்டோடு நிற்கும். ‘மொத்தம்’ என்பதில் ஒருவர் அதன் கருத்துக்காக நான்கும், இன்னொருவர் அதன் நிலைக்காக இரண்டும் தரக்கூடும். அவற்றின் சராசரி மூன்று. எல்லாராலும் மூன்று பெற்ற, குறையும் இல்லாத நிறையும் இல்லாத ஆட்டமும் அதே சராசரியில் நிற்கும். இவ்விரு ஆட்டங்களும் பட்டியலில் அருகருகே அமைந்தாலும், அவை எழுப்பிய அனுபவங்கள் முற்றிலும் வேறானவை. சராசரி இவ்வேறுபாட்டை மறைக்கிறது. எழுத்துக் கருத்தே அதனைக் காட்டுகிறது.

முற்றுப்பெறாத ஆக்கங்களுக்கான எழுத்துப் பின்னூட்டத்தை அதன் செயல் நோக்கி நான்காக வகைப்படுத்தலாம். முதலாவது, பிழை அறிவிப்பு: எவ்விடத்தில், எச்செயலின்போது ஆட்டம் நின்றது என்பதைக் கூறுவது. இரண்டாவது, குழப்பப் பதிவு: எதைச் செய்ய வேண்டுமெனத் தெரியாமல் ஆட்டக்காரர் எவ்வழியெல்லாம் முயன்றார் என்பதை விவரிப்பது. மூன்றாவது, விருப்பப் பட்டியல்: இன்னின்னவை சேர்ந்தால் நன்று எனப் பரிந்துரைப்பது. நான்காவது, எதிர்நோக்கு: உள்ளதைக் கொண்டு இல்லாததை ஊகித்து, ஆட்டம் எதுவாக வளரக்கூடும் என்பதை எழுதுவது.

இவற்றுள் வரலாற்றாய்வாளருக்கு மிகுந்த பயன் தருவது குழப்பப் பதிவே. பிழை அறிவிப்பு திருத்தம் முடிந்ததும் பொருளிழக்கிறது. விருப்பப் பட்டியல், ஆட்டக்காரர் ஏற்கெனவே அறிந்த பிற ஆட்டங்களின் உறுப்புகளையே பெரும்பாலும் கேட்கிறது. எதிர்நோக்கு ஆட்டத்தைவிட ஆட்டக்காரரின் கற்பனையையே மிகுதியும் காட்டக்கூடும். குழப்பப் பதிவோ, ஆட்டம் என்ன காட்டியது, ஆட்டக்காரர் அதனை என்னவென்று கொண்டார் என்னும் இரண்டையும் ஒருங்கே பதிவுசெய்கிறது.

இப்பின்னூட்டத்தை அவ்வாறே ஏற்பதற்கும் தடைகள் உண்டு. 2013ஆம் ஆண்டு லூடம் டேர் நிகழ்வு ஒன்றுக்கே 2,000க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் வந்தன. ஒருவர் அவற்றுள் சிறு பகுதியையே விளையாட முடியும். எனவே, பிறர் ஆட்டங்களை மிகுதியாக மதிப்பிட்டவரின் ஆட்டம் பட்டியலில் முன்னே தோன்றும் வகையில் தளம் அமைக்கப்பட்டது. கைம்மாறு கருதிய இவ்வேற்பாடு பின்னூட்டத்தின் எண்ணிக்கையைப் பெருக்கியது. அதேவேளை, விரைந்து விளையாடி ஒரு வரிப் பாராட்டை எழுதிச் செல்லும் வழக்கத்தையும் வளர்த்தது. கருத்துரைப்பவரும் அதே இரண்டு இரவுகள் உறங்காமல் உழைத்தவர் என்பதால், சக உழைப்பாளிமீது கொண்ட பரிவும் அவருடைய சொற்களில் கலந்திருக்கும். ஒருவரிப் பாராட்டுகளைச் சான்றாக எடுத்தாளும்போது இவ்விரு காரணங்களையும் கழித்தே பார்க்க வேண்டும்.

4. மூன்று நேர்வுகள்

4.1 டவர் ஆஃப் கூ

2005இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக மாணவர் நால்வர் சோதனை ஆட்டத் திட்டம் ஒன்றைத் தொடங்கினர். ஒவ்வோர் ஆட்டத்தையும் ஒருவரே ஏழு நாளுக்குள், பொதுவான ஒரு கருப்பொருளைக் கொண்டு ஆக்க வேண்டும் என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட விதி. ஒரு பருவத்தில் 50க்கும் மேற்பட்ட முன்வடிவங்கள் ஆக்கப்பட்டு இணையத்தில் வைக்கப்பட்டன. இது கேம் ஜாம் என்னும் பெயரில் நடைபெறவில்லை எனினும், காலக்கெடு, கருப்பொருள், பொதுவெளியீடு ஆகிய மூன்று கூறுகளிலும் அதனை ஒத்ததாகும்.

நால்வருள் ஒருவரான கைல் கேப்ளர் ஆக்கிய ‘டவர் ஆஃப் கூ’ ஆட்டத்தில், பிசுபிசுப்பான உருண்டைகளை ஒன்றோடொன்று இணைத்து இயன்றவரை உயர்ந்த கோபுரத்தைக் கட்ட வேண்டும். சில மாதங்களில் அது ஒரு இலட்சம் முறைக்கு மேல் பதிவிறக்கப்பட்டது. ஏனைய முன்வடிவங்களோடு ஒரே பட்டியலில் வைக்கப்பட்ட ஒன்று இவ்வாறு தனித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டதே அதற்குக் கிடைத்த பின்னூட்டமாகும். கேப்ளரும் ரான் கார்மலும் அதனை விரித்து உருவாக்கிய ‘வேர்ல்ட் ஆஃப் கூ’ 2008 அக்டோபரில் வெளிவந்தது. முன்வடிவத்தில் உயரமே இலக்கு. முழு ஆட்டத்தில் எஞ்சிய உருண்டைகளைக் குழாய்க்குக் கொண்டுசேர்ப்பது இலக்காயிற்று. இலக்கு மாறியபோதும், உருண்டைகளை இணைத்துக் கட்டும் செயல் மாறவில்லை. ஆட்டக்காரரின் கவனம் நின்ற இடமே தக்கவைக்கப்பட்டது.

4.2 சூப்பர்ஹாட்

2013ஆம் ஆண்டு நடைபெற்ற, ஏழு நாளில் சுடுதல் வகை ஆட்டம் ஒன்றை ஆக்கும் நிகழ்வுக்காகப் போலந்தைச் சேர்ந்த பியோட்டர் இவானிட்ஸ்கியின் குழு ‘சூப்பர்ஹாட்’ ஆட்டத்தை உருவாக்கியது. ஆட்டக்காரர் அசையும்போது மட்டுமே காலம் நகரும் என்பது அதன் மையக் கருத்து. மூன்று நிலைகளே கொண்ட அவ்வடிவம் 2013 செப்டம்பரில் உலாவியில் இலவசமாக விளையாடும் வகையில் வெளியிடப்பட்டது.

சுடுதல் வகை ஆட்டத்தில் பொதுவாக எதிர்பார்க்கப்படும் பல உறுப்புகள் அதில் இல்லை. சூழல் வெண்மையாகவும் எதிரிகள் செந்நிறத்திலும் அமைந்திருந்தன. இவ்வெறுமை முற்றுப்பெறாமையின் அடையாளமாகத் தோன்றாமல், எதனை நோக்க வேண்டும் என்பதைக் காட்டும் தெளிவாக அமைந்தது. மூன்று நிலைகளோடு ஆட்டம் முடிந்தபோது ஆட்டக்காரருக்கு எழுந்தது குழப்பமன்று. மேலும் வேண்டும் என்னும் விருப்பமே. ஸ்டீம் தளத்தில் ஆட்டங்களை ஆட்டக்காரர் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அன்றைய முறையில் அது ஒரு வாரத்துக்குள் தேர்வாயிற்று. 2014 மே மாதத்தில் கிக்ஸ்டார்ட்டர் வழி 1 இலட்சம் டாலர் கோரியபோது, ஏறத்தாழ 2.5 இலட்சம் டாலர் சேர்ந்தது. முழு ஆட்டம் 2016 பிப்ரவரி 25 அன்று வெளிவந்தது. ஏழு நாளில் எழுந்த கருத்து முழுமைபெற இரண்டரை ஆண்டுகள் ஆயின என்பது, ஜாமின் வேகத்துக்கும் ஆட்டம் முதிர்வதற்கும் உள்ள இடைவெளியைப் புலப்படுத்துகிறது.

4.3 ஹங்ரி நைட்

மேற்கண்ட இரண்டும் வரவேற்பைப் பெற்ற நேர்வுகள். மூன்றாவது அதற்கு மாறானது. 2013 ஆகஸ்டில் நடைபெற்ற 27ஆம் லூடம் டேருக்கு ‘பத்து நொடிகள்’ என்பது கருப்பொருள். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரைச் சேர்ந்த ஏரி கிப்சன், வில்லியம் பெல்லன் இருவரும் அதற்கு ஆக்கிய ‘ஹங்ரி நைட்’ ஆட்டத்தில், கொம்புடைய முகமூடி அணிந்த சிறு வீரன் பசியால் இறவாதிருக்கப் பூச்சிகளைக் கொன்று உண்ண வேண்டும். நியூகிரவுண்ட்ஸ் தளத்தில் இவ்வாட்டம் ஒருகாலத்தில் ஐந்துக்கு ஒரு நட்சத்திரம் பெற்றிருந்தது.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் நடைபெற்ற 29ஆம் லூடம் டேரின் கருப்பொருள் ‘மேற்பரப்பின் அடியில்’ என்பது. அதற்கென அவர்கள் எண்ணிய ஆட்டம் கெடுவுக்குள் முடியவில்லை, நிகழ்வுக்கே அனுப்பப்படவில்லை. ஆயினும் நிலத்தடியில் புதைந்த பழைய அரசு, அதில் வாழும் பூச்சிகள் என்னும் கருத்து அப்போதுதான் உருப்பெற்றது. முந்தைய ஆட்டத்தின் சிறு வீரன் இவ்வுலகில் குடியேறினான். 2014 நவம்பரில் கிக்ஸ்டார்ட்டர் வழி 35,000 ஆஸ்திரேலிய டாலர் கோரப்பட்டது. 2,158 பேர் 57,000 டாலருக்கு மேல் வழங்கினர். ‘ஹாலோ நைட்’ 2017 பிப்ரவரி 24 அன்று வெளிவந்தது. அதன் புகழுக்குப் பின்னர் ஹங்ரி நைட்டைத் தேடிச்சென்று விளையாடியோர் தந்த மதிப்பீட்டால் அதன் நட்சத்திரம் நான்காக உயர்ந்தது.

இந்நேர்வு இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. முதலாவது, குறைந்த மதிப்பெண் ஆட்டத்தைப் பற்றிய சரியான தீர்ப்பாக இருந்தபோதும், அவ்வாட்டத்தில் அடங்கியிருந்த ஆற்றலைப் பற்றிய தீர்ப்பாக இருக்கவில்லை. உருவாக்குநர் ஆட்டத்தைக் கைவிட்டனர், வீரனைக் கைவிடவில்லை. இரண்டாவது, மதிப்பெண் ஒரு காலத்தில் இடப்பட்டு நிலைத்துவிடுவதன்று. ஆட்டத்தின் ஒரு வரிகூட மாறாத நிலையில், ஒன்று நான்காக மாறியது. பிந்தைய நட்சத்திரங்கள் 2013ஆம் ஆண்டின் ஆட்டத்தைவிட 2017ஆம் ஆண்டின் புகழையே மிகுதியும் அளக்கின்றன. தேதியற்ற சராசரியைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வு இங்கு வழிதவறும்.

இம்மூன்று நேர்வுகளும் எஞ்சியவை என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். ஆண்டுதோறும் ஜாம்களில் தோன்றும் ஆயிரக்கணக்கான ஆட்டங்களுள் முழு வடிவம் பெறுவன மிகச் சிலவே. வென்றவற்றின் தொடக்கத்தை மட்டும் நோக்கினால், எல்லா முற்றுப்பெறாமையும் விதையே என்னும் மயக்கம் தோன்றும். வளராது நின்றவற்றின் பின்னூட்டத்தையும் உடன்வைத்துப் படிக்கும்போதே இம்மயக்கம் நீங்கும்.

5. விலை புகுந்தபின்

முற்றுப்பெறாத ஆட்டத்தைப் பொதுவில் வைக்கும் வழக்கம் ஜாம்களோடு நிற்கவில்லை. லூடம் டேர் நிகழ்வுகளில் பலமுறை பங்கேற்ற மார்கஸ் பெர்சன், 2009 மே மாதத்தில் ‘மைன்கிராஃப்ட்’ ஆட்டத்தின் தொடக்க வடிவத்தை வெளியிட்டு, அடுத்த மாதமே முடிவுறாத அவ்வாட்டத்தை விற்கத் தொடங்கினார். ஆட்டக்காரரின் கருத்துகளைக் கேட்டபடியே வளர்ந்த அது 2011 நவம்பர் 18 அன்றே முழு வெளியீடாக அறிவிக்கப்பட்டது. 2013 மார்ச்சில் ஸ்டீம் தளம் முடிவுறாத ஆட்டங்களை விற்பதற்கென ‘ஏர்லி ஆக்சஸ்’ என்னும் தனிப் பிரிவைத் தொடங்கியதும் இவ்வழக்கம் வணிக ஏற்பாடாயிற்று.

விலை புகுந்தபோது பின்னூட்டத்தின் தன்மையும் மாறியது. ஜாமில் கருத்துரைப்பவர் சக ஆக்குநர், ஆட்டம் இலவசம், அது இனி வளர்க்கப்படும் என்னும் வாக்குறுதி எதுவும் இல்லை. விற்பனைக்கு வந்த முடிவுறாத ஆட்டத்தில் கருத்துரைப்பவர் வாடிக்கையாளர். முழுமைக்கு முன்பணம் கொடுத்தவர். முன்னவர் பூட்டிய கதவைக் கண்டு, இதற்குப் பின்னால் என்ன இருந்திருக்கும் என வியக்கலாம். பின்னவர் அது எப்போது திறக்கும் எனக் கேட்கும் உரிமை பெறுகிறார். ஒரே குறை முன்னதில் ஊகத்துக்கு இடமளிக்கிறது, பின்னதில் கடனாகிறது. ஆதலால் இருவகைப் பின்னூட்டங்களையும் ஒரே தரவாகக் கலந்து ஆராய்வது பொருந்தாது.

6. ஆட்டம் அழிந்தபின் எஞ்சும் எழுத்து

பதிவிறக்கி நிறுவுவதைவிட உலாவியிலேயே திறந்து விளையாடுவது எளிது என்பதால், ஜாம் ஆட்டங்கள் பலவும் ஃபிளாஷ், ஜாவா, யூனிட்டி ஆகியவற்றின் உலாவிச் செருகிகளை நம்பி ஆக்கப்பட்டன. மிகுதியான ஆட்டக்காரரைப் பெறுவதற்காகச் செய்யப்பட்ட இத்தேர்வே பின்னர் அவற்றின் அழிவுக்குக் காரணமாயிற்று. 2015இல் குரோம் உலாவி பழைய செருகி முறையை நீக்கியது. 2020 டிசம்பர் 31 அன்று அடோபி நிறுவனம் ஃபிளாஷுக்கான ஆதரவை நிறுத்தியது. பெயர்பெற்ற ஆட்டங்கள் புதிய தளங்களுக்கு மாற்றப்பட்டன. 2018இல் தொடங்கிய ஃபிளாஷ்பாயிண்ட் போன்ற பாதுகாப்பு முயற்சிகள் மேலும் பலவற்றைக் காத்தன. ஆயினும் உருவாக்குநரே மறந்துவிட்ட முற்றுப்பெறாத ஆட்டங்கள் இவ்வாறு மீட்கப்படும் வாய்ப்பு குறைவு.

ஆட்டக் கோப்புகள் பெரும்பாலும் உருவாக்குநரின் சொந்த இணைய இடத்தில் இருந்தன. பின்னூட்டங்களோ நிகழ்வுத் தளத்தில் இருந்தன. எனவே இணைப்பு அறுந்து ஆட்டம் மறைந்தபின்னும் அதனைப் பற்றிய கருத்துகள் எஞ்சும் நிலை ஏற்படுகிறது. தமிழ் ஆய்வுலகுக்கு இந்நிலை புதிதன்று. மறைந்துபோன நூல்கள் பலவற்றை உரையாசிரியர்தம் மேற்கோள்களின் வழியாகவே தமிழறிஞர் அறிந்து தொகுத்தனர். உரையாசிரியர் நூலின் அடிகளையே எடுத்துத் தந்தார். ஆட்டக்காரரோ தம் அனுபவத்தை மட்டுமே தருகிறார் என்பது இங்குள்ள வேறுபாடு. ஆயினும் எவ்விடத்தில் ஆட்டம் நின்றது, எப்பொருள் எதுவாகத் தோன்றியது, எவ்வொலி நினைவில் தங்கியது என்பனவற்றைப் பலர் தனித்தனியே எழுதியிருப்பின், அவற்றை ஒப்பிட்டு ஆட்டத்தின் உருவை ஓரளவு மீட்டெடுக்கலாம்.

இவ்வாறு பயன்கொள்ளும்போது நான்கு வினாக்கள் கேட்கப்பட வேண்டும். கருத்து எப்போது எழுதப்பட்டது? எவ்வடிவத்தைப் பற்றி எழுதப்பட்டது: கெடுவில் நின்றதையா, பின்னர்த் திருத்தப்பட்டதையா? எழுதியவர் சக பங்கேற்பாளரா, வெளி ஆட்டக்காரரா? அவர் ஆட்டத்தை எவ்விடம் வரை விளையாடினார்? இவற்றுக்கு விடை காணாமல் கருத்துகளைத் தொகுப்பது, வேறுவேறு ஆட்டங்களைப் பற்றிய செய்திகளை ஒன்றாகக் கலப்பதற்கு ஒப்பாகும்.

முடிவுரை

கேம் ஜாம், முற்றுப்பெறாத ஆக்கத்துக்கும் பொதுவெளியில் இடம் உண்டு என்பதை நிலைநாட்டியது. அவ்வாக்கத்தை அளக்க அது வகுத்த மதிப்பெண் முறை சுருங்கிய முழுமைக்குப் பொருந்தியது. விரிந்த முற்றுப்பெறாமைக்குப் பொருந்தவில்லை. கருத்து வேறுபாடுகளைச் சராசரி மறைத்தது. காலப்போக்கில் அச்சராசரியும் மாறியது. எழுத்துப் பின்னூட்டமே ஆட்டக்காரர் எதைக் கண்டார், எங்கே திகைத்தார் என்பதைக் காத்து வைத்தது. ஆராய்ந்த நேர்வுகளில் உருவாக்குநர் பெரும் பயன் பெற்றதும் உறுப்புகளைப் பெருக்கியதனால் அன்று. தொடக்க வடிவில் உயிர்ப்புடன் இருந்த ஒன்றைக் கண்டுகொண்டு, அதனைச் சுற்றிப் புதிதாகக் கட்டியதனாலேயே ஆகும்.

எண்ம ஆட்டங்களைப் பாதுகாக்கும் முயற்சிகள் இயக்கத்தகு கோப்புகளையே முதன்மையாகத் திரட்டுகின்றன. ஆட்டத்தோடு அதன் பின்னூட்டங்களும் தேதியும் வடிவக் குறிப்பும் சேர்த்துக் காக்கப்பட வேண்டும் என்பது இவ்வாய்வின் வழிப் பெறப்படும் பரிந்துரையாகும். மீட்கப்பட்ட கோப்பு, பூட்டிய கதவு ஒன்று அங்கே இருந்தது என்பதை மட்டுமே காட்டும். அக்கதவின்முன் நின்றவர் அதனைத் திறக்க எத்தனை முறை முயன்றார், அப்பால் என்ன இருக்கும் என எண்ணினார் என்பதை அவர் எழுதிய வரிகளே கூறும்.